ஆறு கோப்ளினும் ஒரு ஐந்தொகையும்: புதிய டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடின் மோதல் கணக்கு

"அம்மான், எனக்கு ஒரு முறைகூட வரலையே" என்று ஆச்சி மகன் சொன்னபோது அவன் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பன்னிரண்டு வயசுப் பையன். முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து, ஆட்டத்தில் தன் பாத்திரமான விசார்டுக்கு, அதாவது மந்திரவாதிக்கு, தெரிந்த மந்திரங்களை ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சின்னதாகப் படமும் போட்டுக் கொண்டுவந்திருந்தான். சண்டை தொடங்கியது. அவன் முறை வருவதற்குள் விசார்ட் தரையில் கிடந்தான். பகடை அவன் கையிலேயே இருந்தது.

நான் காரைக்குடியில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு பார்க்கிறேன். ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்துகிறேன். ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, பகடை உருட்டிக் கதைக்குள் ஆடும் ஆட்டம். அயித்தான் ஃபைட்டர் (போர்வீரன்), தங்கச்சி கிளெரிக் (பூசாரி), ஆபீஸ் நண்பர் ரோக் (திருடன்), ஆச்சி மகன் விசார்ட். நான் டிஎம் (டன்ஜன் மாஸ்டர்), அதாவது கதை சொல்கிறவன், அரக்கர்களை ஆட்டி வைக்கிறவன். தரையில் ஆத்தங்குடிக் கல் பதித்திருப்பதால் வரைபடம் தேவைப்படவில்லை. எட்டங்குலக் கல் ஒன்று ஆட்டத்தில் ஐந்தடி. பூப்போட்ட கல் நடக்கிற இடம், ஓரத்துக் கரைக் கல் சுவர். ஆட்களுக்கு மரப்பாச்சி, கோப்ளின் என்கிற குட்டி அரக்கனுக்குப் பல்லாங்குழிச் சோழி. ஓகர் என்கிற அரக்கன் பெரிய உருவம் என்பதால் நாலு கல் இடம் வேண்டும். அதற்கு ஆச்சி கொடுத்த முறம்.

அந்த மதியத்துக்குப் பிறகுதான் இந்தப் புத்தகத்தின் மோதல் பகுதியை ஒரு வரி விடாமல் படித்தேன். அதற்கு முன் அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருந்தேன். தப்பு என்னுடையது. (என்கவுண்டர் என்ற சொல் நம் பத்திரிகைகளில் போலீஸ் செய்தியாகிவிட்டது. அதனால் மோதல் என்றே எழுதுகிறேன்.)

புத்தகம் 2024 நவம்பரில் வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைட். 384 பக்கம், கெட்டி அட்டை, வந்தபோது அமெரிக்க விலை 50 டாலர். இணையத்தில் வாங்கினேன். ஒரு மூலை நசுங்கித்தான் வந்தது, உள்ளே பக்கங்களுக்குச் சேதமில்லை. மோதலை எப்படி அமைப்பது என்பது நாலாவது அத்தியாயத்தில் இருக்கிறது. இத்தனை பக்கத்தில் அதற்கு ஒதுக்கிய இடம் மிகக் குறைவு, ஆனால் ஒரு டிஎம் வாராவாரம் திருப்புகிற பக்கங்கள் அவைதான்.

முறை எளிது. முதலில் சண்டை எவ்வளவு கடுமையாக வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டும்: லேசு, மிதம், கடுமை. அடுத்து, ஆளுக்கு இவ்வளவு எக்ஸ்பி (அரக்கர்களின் பலத்தை அளக்கும் புள்ளி) என்று அட்டவணை தருகிறது. முதல் லெவல் ஆளுக்கு 50, 75, 100. மூன்றாம் லெவலுக்கு 150, 225, 400. அதை ஆட்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் கையில் ஒரு தொகை வரும். அந்தத் தொகைக்குள் அரக்கர்களை வாங்க வேண்டியதுதான். கோப்ளின் ஒன்று 50. ஓகர் ஒன்று 450.

எனக்கு இது உடனே பிடித்துப்போனது. எங்கள் ஐயா மலாயாவுக்குப் பெட்டியடிப் பையனாகப் போய் அடுத்தாளாக உயர்ந்தவர். சாகிற வரைக்கும் ஐந்தொகை கட்டாமல் படுக்கமாட்டார். வரவும் பற்றும் ஒரு சல்லி பிசகாமல் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பேரேட்டைத் திரும்ப முதலிலிருந்து பார்ப்பார். அந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு, இவ்வளவு தொகை இருக்கிறது செலவு செய் என்று சொல்கிற புத்தகம் பிடிக்காமல் போகுமா? நாலு பேர், முதல் லெவல், மிதமான சண்டை. 75 பெருக்கல் 4, 300. கோப்ளின் 50 என்றால் ஆறு. கணக்கு சரி.

இனி அந்தச் சண்டையைச் சொல்கிறேன். ஒரே மாதிரி அரக்கர்களுக்கு டிஎம் ஒரே இனிஷியேட்டிவ் (யார் முதலில் ஆடுவது என்று தீர்மானிக்கும் பகடை) உருட்டலாம் என்று விதி இருக்கிறது, அப்படி உருட்டினேன். நல்ல எண் விழுந்தது. ஆறு சோழியும் எல்லோருக்கும் முன்னால் வரிசையாக நின்றன. குறுவில். கோப்ளின் அம்புக்குப் பகடை எண்ணோடு +4. விசார்டின் ஏசி, அதாவது அடி பட எட்ட வேண்டிய எண், 12. இருபது முகப் பகடையில் 8 விழுந்தாலே அடி. நூற்றுக்கு 65 வாய்ப்பு. அடிக்குச் சராசரி 5.5. இரண்டையும் பெருக்கினால் ஒரு அம்புக்குச் சுமார் 3.6. முதல் லெவல் விசார்டின் ஹெச்பி, அதாவது உயிர்ப் புள்ளி, 8. மூன்று அம்பு போதும். நான் மூன்றைத்தான் அவன்மேல் விட்டேன், மிச்சம் மூன்றை மற்றவர்களுக்குப் பிரித்தேன். அதைப் பெருந்தன்மை என்று வேறு நினைத்தேன். அடுத்த சுற்றில் அவனைத் தூக்கிவிட ஓடிய தங்கச்சியும் விழுந்தாள். அயித்தானும் நண்பரும் மரப்பாச்சிகளை இழுத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் பின்வாங்கினார்கள்.

ராத்திரி உட்கார்ந்து வேறொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். அதே ஆறு அம்பும் அயித்தானுடைய ஃபைட்டர்மேல் போயிருந்தால்? இரும்புச் சட்டையும் கேடயமும் சேர்த்து ஏசி 18. கோப்ளினுக்கு 14 வேண்டும், நூற்றுக்கு 35. அம்புக்கு 1.9. ஆறும் சேர்த்துப் பதினொன்றரைச் சொச்சம். ஃபைட்டரின் ஹெச்பி 12. சராசரிப்படி ஆள் நின்றுகொண்டிருப்பார். எக்ஸ்பி ஒரு பைசா மாறவில்லை. ஒரு பக்கம் திரும்பினால் பையன் மதியம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்கிறான், இன்னொரு பக்கம் திரும்பினால் அயித்தான் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கிறார்.

இதற்குப் புத்தகம் எச்சரிக்கை தரவில்லையா என்றால், தருகிறது. ஆளுக்கு இரண்டு அரக்கருக்கு மேல் போனால், சட்டென்று விழுகிற பலவீனமானவற்றையே சேர் என்கிறது. முதல் இரண்டு லெவலில் இது முக்கியம் என்றும் சொல்கிறது. ஆனால் நாலு பேருக்கு ஆறு என்பது ஆளுக்கு ஒன்றரைதான். என் சண்டை அந்தக் கோட்டுக்கு உள்ளேயே இருந்தது. மிதமான சண்டை என்றால் பலவீனமான ஆட்கள் விழக்கூடும் என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். நான்தான் 'மிதம்' என்ற சொல்லைப் படித்துவிட்டு விளக்கத்தைப் படிக்காமல் விட்டேன்.

பழைய 2014 பதிப்பை வைத்திருப்பவர்கள் இதே ஆறு கோப்ளினை அதில் போட்டுப் பாருங்கள். அங்கே எண்ணிக்கைக்கு ஒரு பெருக்கல் உண்டு. இரண்டு அரக்கர் என்றால் ஒன்றரை மடங்கு, மூன்றிலிருந்து ஆறு வரை இரண்டு மடங்கு, ஏழிலிருந்து பத்து வரை இரண்டரை, இப்படி ஏறிக்கொண்டே போகும். ஆக 300 என்பது 600 ஆகிவிடும். நாலு முதல் லெவல் ஆட்களுக்கு உயிராபத்து என்று அந்தப் புத்தகம் போட்ட கோடு 400. அதையும் தாண்டி ஒன்றரை மடங்கு! ஒரே ஆறு கோப்ளினைப் பழைய புத்தகம் கொலைக்களம் என்கிறது, புதிய புத்தகம் மிதம் என்கிறது.

புதியதில் பெருக்கலை எடுத்துவிட்டார்கள். ஏன் எடுத்தார்கள் என்று எனக்குப் புரிகிறது. கோப்ளினோடு ஒரு எலியைச் சேர்த்தாலும் மொத்தத் தொகையும் ஒரு படி தாவும். எதைச் சேர்த்து எண்ணுவது, எதை விடுவது என்று ஒவ்வொரு தடவையும் தலைவலி. புதிய பதிப்பில் ஆட்களும் கொஞ்சம் பலம்: முதல் லெவலிலேயே எல்லோருக்கும் ஒரு கூடுதல் திறமை கிடைக்கிறது, ஆயுதம் பழகியவர்களுக்கு ஆயுத வித்தை வேறு. ஆனால் கோப்ளினும் சும்மா இல்லை. பழையதில் ஹெச்பி 7, புதியதில் 10. பெருக்கல் போனதில் கணக்கு சுலபமானது. அந்தப் பெருக்கல் எதை அளந்துகொண்டிருந்ததோ அதை இனி நாமேதான் அளக்க வேண்டும்.

அது என்ன? முறை. எதிரிக்கு மொத்தம் எத்தனை முறை கிடைக்கிறது என்பது. ஆட்டக்காரர்கள் இதை ஆக்‌ஷன் எகானமி என்பார்கள். தாயம் ஆடுகிற வீட்டில் பிறந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. எதிராளிக்குத் தொடர்ந்து தாயம் விழுந்து அவன் உருட்டிக்கொண்டே இருந்தால், நம் காய் எவ்வளவு நல்ல கட்டத்தில் நின்றும் பயனில்லை.

என் ஆட்களை வைத்தே எண்ணினேன். முதல் லெவலில் ஒருவர் சுமாராக +5 வைத்து அடிப்பார், கோப்ளினின் ஏசி 15. நூற்றுக்கு 55. அடிக்கு 7.5 என்று வைத்தால் ஒரு முறைக்கு 4.1. நாலு பேரும் சேர்ந்து சுற்றுக்குப் பதினாறு. ஒரு சுற்றில் ஒன்றரை கோப்ளினுக்குச் சற்று மேல் சாயும். ஆறும் ஒன்றாக நின்று முதலில் தொடங்கினால், அவை எல்லாம் விழுவதற்குள் அவற்றுக்குத் தோராயமாகப் பதினாலு முறை கிடைக்கிறது. அதே ஆறை மூன்று மூன்றாகப் பிரித்து, இரண்டாவது கூட்டம் மூன்றாம் சுற்றில் வருகிறது என்று வைத்தால், கிட்டத்தட்ட ஒன்பது முறைதான். எக்ஸ்பி இரண்டிலும் 300. ஹெச்பி இரண்டிலும் 60. வித்தியாசம் ஐந்து அம்பு. ஒரு விசார்டை விழவைக்க மூன்றே போதும் என்று மேலே பார்த்தோம்.

அடுத்த ஞாயிறு அதையே செய்தேன். விழுந்தவர்களை ஊர்க்காரர்கள் தூக்கிப்போய்க் காப்பாற்றியதாகக் கதையை எடுத்துக்கொண்டேன். பையன் எதுவும் சொல்லாமல் நோட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்தான். வளவுப் பக்க நிலைவாசலில் மூன்று சோழி. மற்ற மூன்று என் சட்டைப் பையில். இந்தத் தடவை இனிஷியேட்டிவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக உருட்டினேன். ஒரு கோப்ளின் முன்னால், பிறகு ரோக், பிறகு பையன். அவன் எழுந்து நின்று முழங்கால் போட்டு, தன் மரப்பாச்சியிலிருந்து சோழி வரை கல்லை விரலால் எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. "இருபது அடி அம்மான், நெருப்பு எட்டும்." பகடை உருண்டு கரைக் கல்லில் மோதி 17இல் நின்றது. மூன்றாம் சுற்றில் நான் கையைக் குவித்துக் கொம்பு ஊதுகிற மாதிரி ஒரு சத்தம் கொடுத்து, பையிலிருந்த மூன்றையும் இன்னொரு வாசலில் வைத்தேன். தங்கச்சி "ஐயோ" என்று வாயைப் பொத்தினாள். அன்றும் விசார்ட் ஒரு தடவை விழுந்தான்தான். ஆனால் அதற்குள் அவன் மூன்று முறை ஆடியிருந்தான், ஒரு கோப்ளினை அவனே முடித்திருந்தான். விழுந்தபோது எல்லோரையும் விட அவன்தான் உரக்கக் கத்தினான்.

முறைக் கணக்கு மட்டும் போதுமா என்றால் போதாது. அதற்கு முறமே சாட்சி. ஓகர் ஒன்று 450 எக்ஸ்பி, ஆறு கோப்ளினைவிட ஒன்றரை மடங்கு விலை. ஹெச்பி 68 என்றாலும் ஏசி வெறும் 11. நாலு பேர் அடித்தால் மூன்று சுற்றில் விழுந்துவிடும். அதாவது அதற்கு மூன்று முறைதான். கோப்ளினுக்குப் பதினாலு! ஆனால் அந்த மூன்றில் ஒன்று பட்டாலும், எட்டு முகப் பகடை இரண்டும் அதோடு நாலும்: சாதாரண அடிக்குச் சராசரி 13, உச்சம் 20. எட்டு ஹெச்பி விசார்ட் பட்டதும் விழுவான், பெரும்பாலும். அதைவிட மோசம் ஒன்று உண்டு. ஒரே அடியில், ஹெச்பி பூஜ்யமாகிப் போக மிச்சமிருக்கும் அடி அவன் முழு ஹெச்பி அளவுக்கு இருந்தால், காப்பாற்ற வாய்ப்பே இல்லாமல் அங்கேயே சாவு என்பது விதி. அதற்கு 16 வேண்டும். பகடை இரண்டும் சேர்ந்து 12க்குக் குறையாமல் விழ 64இல் 15 வழி. பட்ட அடியில் ஏறக்குறைய நாலில் ஒன்று. புத்தகமே முதல் லெவல் விசார்டையும் ஓகரையும் சொல்லித்தான் இந்த ஆபத்தை விளக்குகிறது. அரக்கனின் சிஆர் (அதன் பலத்துக்குப் புத்தகம் போட்ட எண்) ஆட்களின் லெவலைவிட உயர்ந்தால் ஒரே அடியில் ஆள் போகலாம் என்கிற வரி அது. அந்த வரி எனக்கு அட்டவணையைவிடப் பெரிது.

இப்போது என் நோட்டில் ஒவ்வொரு சண்டைக்கும் மூன்று பத்தி போடுகிறேன். முதலில் புத்தகம் சொல்கிற எக்ஸ்பி. பக்கத்தில் எதிரிக்கு எத்தனை முறை கிடைக்கும் என்பது. அதற்குப் பக்கத்தில் எதிரியின் ஒரே அடியின் உச்சமும், நம்மில் ஹெச்பி மிகக் குறைந்தவரின் ஹெச்பியும். மூன்றையும் பார்த்த பிறகுதான் சோழியைக் கையில் எடுக்கிறேன். ஐந்து நிமிஷ வேலை. புத்தகத்தில் இந்த இரண்டு பத்தியும் எண்ணாக இல்லை, எச்சரிக்கை வாக்கியங்களாக இருக்கின்றன. எண்ணாக இருந்திருந்தால் புதிதாக நடத்த வருகிறவர்களுக்கு எவ்வளவோ உதவியிருக்கும். என் பெரிய குறை இதுதான்.

இன்னொரு குறையும் உண்டு. பழைய பதிப்பு, ஒரு நாளில் ஆறு முதல் எட்டு சண்டை வரை ஆட்கள் தாங்குவார்கள் என்று ஒரு அளவு சொன்னது. புதியதில் அந்த நாள்கணக்கே இல்லை. எங்களை மாதிரி மூன்று மணி நேரம் ஆடுகிறவர்களுக்கு ஒரு மதியத்தில் ஒரு சண்டை, மிஞ்சினால் இரண்டு. எல்லா மந்திரமும் கைவசம் இருக்க வந்து நிற்பார்கள். அப்படிப்பட்ட நாளில் லேசான சண்டை சப்பென்று முடிந்துவிடும். மூன்றாம் லெவலிலிருந்து நான் மிதத்துக்குக் கீழே போவதில்லை. ஒரே சண்டை என்றால் கடுமைதான். அப்புறம், நாலிலிருந்து ஐந்தாம் லெவலுக்குப் போகும்போது மிதமான தொகை 375இலிருந்து 750 ஆகி இரட்டிப்பாகிறது. ஃபைட்டர் ஒரு முறையில் இரண்டு தடவை அடிக்கத் தொடங்குகிற லெவல் அது, விசார்டுக்கு நெருப்புக் குண்டு வருகிற லெவலும் அதுவே. அட்டவணையைப் போட்டவர்கள் ஆடித்தான் போட்டிருக்கிறார்கள் என்பது அங்கே தெரிகிறது.

இதைவிட இறுக்கமான கணக்கு வேண்டுமென்றால் பாத்ஃபைண்டர் என்கிற இதே வகை ஆட்டத்தின் 2019 இரண்டாம் பதிப்பைப் பாருங்கள். நாலு பேருக்கு மிதம் 80, கடினம் 120, உச்சம் 160. எந்த லெவலானாலும் இதே எண்கள். ஆட்களின் லெவலே உள்ள அரக்கன் 40, இரண்டு லெவல் மேலானால் 80, நாலு லெவல் மேலானால் 160. லெவல் ஏற ஏற அடிக்கும் எண், தடுக்கும் எண் எல்லாமே அதோடு ஏறுவதால் இந்தக் கணக்கு நிற்கிறது. கணக்குப் பிள்ளையாக எனக்கு அதன்மேல் மரியாதை. ஆனால் அதில் ஒவ்வொருவரும் நினைவு வைக்க வேண்டியது அதிகம். பன்னிரண்டு வயசுப் பையனோடும், விதிப் புத்தகத்தைத் திறக்கவே மாட்டேன் என்கிற அயித்தானோடும் ஆட எனக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் சரி.

மற்ற அத்தியாயங்களைப் பற்றிச் சுருக்கமாக: கிரேஹாக் என்கிற கற்பனை உலகமும் அதன் வரைபடமும் அழகு, மந்திரப் பொருள்களின் படங்களுக்காகவே பையன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். ஆட்டக்காரர்கள் சொந்தக் கோட்டை கட்டிக்கொள்ளும் விதிகளை நாங்கள் இன்னும் தொடவில்லை.

வாங்கலாமா? மோதல் கணக்குக்காக மட்டும் என்றால் வேண்டாம். 2025 ஏப்ரலில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியான எஸ்ஆர்டி 5.2 என்கிற விதித் தொகுப்பில் இந்த அட்டவணையும் எச்சரிக்கைகளும் இருக்கின்றன, கோப்ளினும் ஓகரும்கூட உண்டு. இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். முதலில் அதை வைத்து நாலு ஞாயிறு நடத்திப் பாருங்கள். தொடர்ந்து நடத்தத்தான் போகிறோம் என்று தெரிந்த பிறகு புத்தகத்தை வாங்குங்கள். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அந்த அரை, ஓகரைப் பற்றிய அந்த ஒரு வரிக்கு.

எங்கள் ஆட்கள் இப்போது மூன்றாம் லெவல். மிதமான தொகை ஆளுக்கு 225, நாலு பேருக்கு 900. ஓகர் 450 வீதம் சரியாக இரண்டு. விசார்டின் ஹெச்பி இப்போது 20, ஓகரின் உச்ச அடியும் 20. அதனால் ஒன்றை முகப்பில் நிறுத்தி, மற்றொன்றை இரண்டாம் சுற்றில்தான் உள்ளே விடப்போகிறேன். ஆச்சியிடம் இன்னொரு முறம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். பையனுக்கு இன்னும் சொல்லவில்லை.